அந்தப் பெயரைச் சொல்ல ஓர் ஆள்

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்த்தர் செய்ததைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் கருங்குழியில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் சிறுசேரியில் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பிறகு அவர் பெயரும் காணாமல் போனது. என் காதில் விழுந்தால் நான் அழுவேனாம். "அவரு", "போனவரு" என்றார்கள். பெற்ற தாய், என் மாமியாரே, "உன் வூட்டுக்காரன்" என்றார். நானோ கட்டிய நாளிலிருந்து அவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை. எங்கள் வழக்கம் அப்படி. "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அந்தப் பெயரை யார்தான் சொல்வது?

எனக்குச் சோறு இறங்கவில்லை. "எல்லாம் தேவ சித்தம், அழாத சிஸ்டர்" என்று சபையில் சொன்னபோது பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தேன். ஜெபமா அது, சண்டை!

"ஆண்டவரே, அவரைத் திருப்பிக் கேட்கவில்லை. என் எதிரில் அவர் பெயரைச் சொல்ல ஓர் ஆளை அனுப்பும். அதுவரை என் வாயில் ஸ்தோத்திரம் வராது."

தினமும் இதையேதான் கேட்டேன். சபையில் எல்லோரும் கைதட்டிப் பாட, நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வாசலில் சத்தம்.

"மோசஸ் அண்ணாத்த! மோசஸ் அண்ணாத்த வூடு இதானே?"

நெம்மேலியில் மீன் விற்கும் அக்கா. வேலை முடிந்து வரும்போது என் வீட்டுக்காரர் மீன் வாங்குவது அவளிடம்தான். பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு வந்தவள், அவர் எப்போதோ சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடி வந்திருக்கிறாள். "இன்னா, ஆளையே காணோம்? வேற எவகிட்டயாவது மீன் வாங்கிகினு கீறாரா?"

விஷயத்தைச் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்து, "ஐயோ மோசஸ் அண்ணாத்த!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். மாமியார் ஓடிவந்தார். "அவ எதிர்ல அந்தப் பேரச் சொல்லாதம்மா."

"சொல்லட்டும் அத்தை!" என்று கத்தினேன். "இன்னும் சொல்லுக்கா."

"'வூட்டுக்காரிக்கு சங்கராதான் புடிக்கும், நல்லதா பாத்துக் குடு'ன்னு பேஜாரு பண்ணுவாரும்மா மோசஸ் அண்ணாத்த."

என்னிடம் ஒருநாளும் சொல்லாத மனுஷன்! அழுதேன். சிரித்தேன். மாமியாரும் "மோசஸு, என் மோசஸு" என்று உடைந்துபோனார். அன்று மூன்று பேரும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம்.

அந்த மீன்கார அக்கா அம்மனைக் கும்பிடுகிறவள். அது சபையில் சிலருக்கு உறுத்துகிறது. கர்த்தர் யாரை அனுப்ப வேண்டும் என்று அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா?

மறுநாள் ஆராதனையில் எழுந்து நின்றேன். "என் கணவர் மோசஸுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." என் வாயில் அந்தப் பெயர் வந்தது அன்றுதான். "புருஷன் பேரச் சொல்றா பாரு" என்று முன்வரிசையில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

துக்கம் போய்விடவில்லை. ஆனால் எனக்குச் சோறு இறங்குகிறது, பாட்டு வருகிறது. உங்களிலும் யாரையாவது பறிகொடுத்தவர்கள் இருந்தால், ஆண்டவரிடம் போய்ச் சண்டை போடுங்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். நான் அழுவேன் என்று பயப்படாமல், வாசலில் நின்று "மோசஸ் வீடு இதுதானே?" என்று சத்தமாகக் கேளுங்கள்.

ஆமாம் என்று சொல்ல நான் இருக்கிறேன்.