மிச்சக் கரி

எழுபதுகளின் கடைசியில், தொழில் வளர்ச்சி பற்றி அறிக்கை எழுத ஒரு கோவில்பட்டி நூற்பாலைக்குப் போனேன். புகை எவ்வளவு கறுப்போ அவ்வளவு முன்னேற்றம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவருக்கு என் வயதுதான். புருவம் பொசுங்கியிருந்தது. ஒவ்வொரு கூடைச் சாம்பலையும் கொட்டிவிட்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பார். கரிசல்காட்டில் வேறெதற்குப் பார்ப்பார்கள்?

“மழை வருமா?” என்றேன்.

“மழைக்கு இல்ல சார். ஒரு வண்டி கரி போடுதேன், நாலு கூடை சாம்பல்தான் அள்ளுதேன். மிச்சம் எங்க போய்க் கெடக்குன்னு பாக்கேன்.”

“காற்றில் கரைந்துவிடும்” என்றேன், அதிகாரி மிடுக்கோடு.

“கரைஞ்சா இல்லாமப் போயிருமா சார்?”

என் படிவத்தில் உள்ளே போகும் கரிக்குக் கட்டம் உண்டு. வெளியே வரும் நூலுக்கும் உண்டு. புகையாய்ப் போகும் மிச்சத்துக்கு இல்லை. மழைக்குப் பார்ப்பவன்போல நானும் அண்ணாந்தேன். முன்னேற்றத்தில் ஒரு துகள் கண்ணில் விழுந்தது.