வேம்பு அக்கா சூடு வைத்த கதை

வேம்பு அக்கா பயப்படாத பொருள் என்று எங்கள் செங்கல் சூளைப் பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. பட்டாபிராம் கேட்டில் ரயில் வரும் முன்பே புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அம்மை ஊசி போட ஆள் வந்தால் செங்கல் அடுக்குக்குள் நுழைந்துவிடுவாள். தபால்காரர் வேறு யார் வீட்டைத் தேடி வந்தாலும் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு முறை நான் காக்கி டிரவுசர் போட்டுக்கொண்டு அவள் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தேன். உள்ளே சோற்றுப்பானை உருண்ட சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவளிடம் மட்டும் நான் விளையாடுவதில்லை.

முழுப்பெயர் வேம்புலியம்மாள். பிறந்தது சேக்காட்டில். சின்ன வயதில் நாற்று நட்டவள். நட்ட நிலமெல்லாம் பாக்டரிக்காரர்களுக்கும் பிளாட்டுக்காரர்களுக்கும் போன பிறகு, கன்னியப்பன் மாமாவைக் கட்டிக்கொண்டு பூந்தமல்லி ரோட்டுச் சூளைக்குக் கல் அறுக்க வந்தாள். மாமா சூளைக்குத் தீ போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். அவர்கள் குடிசைக்கும் எங்கள் குடிசைக்கும் நடுவில் ஒரே ஓலைத் தட்டி. அந்தப் பக்கம் கிசுகிசுத்தால் இந்தப் பக்கம் காதில் விழும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இவ்வளவு கதை தெரிவதற்கு அந்தத் தட்டிதான் வாத்தியார்.

எழுபதாம் வருஷம் பஞ்சாயத்து எலெக்‌ஷன் வந்தது. எங்கள் வார்டுக்கு மெம்பராக நின்றவர் சூளை முதலாளி குணசேகரன். சின்னம் குடை. எதிர்த்து நின்றவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரோக்கியசாமி. ஆவடியில் பாக்டரி வேலை. சின்னம் மண்வெட்டி. எங்கள் வரிசைக் குடிசைகளும் முதலாளியின் சொந்தக்காரர்கள் வீடுகளும் சேர்ந்ததுதான் அந்த வார்டு. ஆரோக்கியசாமியின் சொந்த ஓட்டே வேறு வார்டில் இருந்தது. அவருக்கு ஒரு ஓட்டு விழுந்தால்கூட அது யாரோ ஒருவர் சத்தியத்தை மீறியது என்று அர்த்தம்.

ஏனென்றால் சத்தியம் வாங்கியிருந்தார்கள். ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரி வேலுசாமி எங்கள் ஆட்களை வேம்புலியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, ஒவ்வொருவராகச் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். முதலாளி ஓரமாக நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“ஒரு ஓட்டு அந்தப் பக்கம் போச்சின்னா, போட்டவன் குடிசைய பிரிச்சி ரோட்ல போட்டுடுவேன்.”

மேஸ்திரி அதற்கு மேல் போனார். “யாரு குத்துனாங்கன்னு எப்டித் தெரியும்னு நெனச்சிக்கினு கீறீங்களா? வெரல்ல வெப்பாங்களே மை, பொய் சத்தியம் பண்ணவங்களுக்கு அது கறுத்துப் பூடும். ஆத்தா காட்டிக் குடுத்துடுவா.”

எங்களோடு கல் அறுக்கும் முனியம்மா மட்டும் வாயைத் திறந்தாள். “அப்ப ஒயுங்கா குத்துனவங்களுக்கு இன்னா, செவந்து பூடுமா மேஸ்திரி?”

“உன் வாய்க்கு ஒருநாள் பூட்டு போடணும்.”

“போடு. உன் கல்ல நீயே அறுத்துக்கோ.”

யாரும் சிரிக்கவில்லை. வேம்பு அக்கா சூடத்தை அணைத்தபோது கை ஆடிய ஆட்டத்தில் முதல் தடவை தீ அணையவே இல்லை. மேஸ்திரி மறுபடியும் அணைக்கச் சொன்னார். அம்மன் பெயரையே தன் பெயராக வைத்திருக்கிறவள், அம்மன் முன்னால் இரண்டு தரம் சத்தியம் செய்தாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் ஓட்டு. குடையில் குத்துவதாகத்தான் போனேன் என்று அக்கா பிற்பாடு சொன்னாள். அட்டை மறைப்புக்குள் நின்றபோது போன கோடை ஞாபகம் வந்திருக்கிறது. கல் அறுக்கத் தண்ணீர் போதவில்லை என்று முதலாளி சூளைக் கிணற்றைப் பூட்டிவிட்டார். ஊருக்குள் போனால் கிணற்றைத் தொட விடமாட்டார்கள்; யாராவது மேலிருந்து ஊற்றுவார்கள், நாங்கள் கீழே குடத்தைப் பிடிக்க வேண்டும். ஆரோக்கியசாமி அப்படிச் செய்யவில்லை. தன் வீட்டுக் கிணற்றுக் கயிற்றை அக்காவின் கையிலேயே கொடுத்து, “நீயே எறச்சுக்கம்மா” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மறைப்புக்குள் அந்தக் கயிறு கைக்கு வந்தது போல இருந்ததாம். மண்வெட்டியில் குத்திவிட்டாள். வெளியே வந்த பிறகுதான் எதில் குத்தினோம் என்று உறைத்தது.

விரலில் வைத்த மை அப்போது ஊதாவாகத்தான் இருந்தது. வெயிலில் கல் அறுக்க உட்கார்ந்தாள். மத்தியானம் பார்த்தால் நகம் கறுக்க ஆரம்பித்திருந்தது. செங்கல் தூளால் தேய்த்தாள். புளி போட்டாள். சுண்ணாம்பு வைத்தாள். தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் போனது, கறுப்பு போகவில்லை. கடைசியில் களிமண்ணை அப்பி, மேலே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் குடிசை வரிசையில் எல்லோர் கையும் முந்தானையிலோ வேட்டி மடிப்பிலோதான் இருந்தது. சத்தியத்தைக் காப்பாற்றியவர்களுக்கும் ஆத்தா மேல் அவ்வளவு நம்பிக்கை.

பொழுது சாயும்போது பள்ளிக்கூட வாசலில் முடிவைப் படித்தார்கள். குடைக்கு எழுபத்தொன்பது. மண்வெட்டிக்கு இரண்டு.

ஒன்று என்று சொல்வார்கள் என்றுதான் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு என்றதும் அவளுக்குப் புரியவில்லை. தன்னோடு சேர்ந்து சாகப்போகிற இன்னொரு ஜீவன் யாராக இருக்கும் என்று கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளிக்கு மாலை போட்டார்கள். ஜெயித்த மனுஷன் அதைக் கழற்றி மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு, “யாரு அந்த ரெண்டு பேரு?” என்றார்.

“காலைல எல்லார் வெரலயும் பாத்துடலாம் மொதலாளி. ஆத்தா எங்க போயிடப் போறா.”

அக்கா வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். சூளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன மாமா, இடது கை ஆள்காட்டி விரலில் வாழையிலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“இன்னாய்யா இது?”

“தீ போட சொல்லோ பட்டுட்ச்சி.”

தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கே அது பொய் என்று தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தீ போடுகிற ஆள். உடம்பில் ஒரு பொட்டுக்கூடச் சுட்ட வடு கிடையாது. இன்றைக்கு மட்டும், அதுவும் மை வைத்த நகத்தில் மட்டும் எப்படிச் சுடும்? அக்கா இலையைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு தன் விரல் துணியையும் அவிழ்த்தாள்.

“அடிப்பாவி,” என்றார் மாமா. “நீயுமா?”

“சூடத்த அணச்சியேய்யா.”

“நீ ரெண்டு தபா அணச்ச.” பிறகு மெல்ல, “அப்ப ரெண்டும் நம்ப ஊடுதானா,” என்றார்.

“உனக்கு இன்னாய்யா கேடு? நான்தான் புத்தி கெட்டவ.”

“ஆரோக்கியசாமி என்னிய ‘வாங்க கன்னியப்பன்’னு கூப்ட்டாரு. வேற யாரு கூப்ட்டாங்க?”

 அக்கா அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்த சத்தம் கேட்டது. உடனே மாமாவின் குரல்: “கீழ போடு. ரெண்டு பேருக்கும் ஒரே வெரலு வெந்துகீதுன்னா கேக்க மாட்டாங்களா? குடிசய பிரிச்சா ஐயப்பன்தாங்கல் பக்கம் எங்கனா போய்க்கலாம். கைய இன்னாத்துக்கு பொசுக்கிக்கற?”

போய்க்கலாம் என்றார். அங்கே யாரிடம் என்று அவருக்கும் தெரியாது. 

காலையில் சூளை முன்னால் வரிசை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லோர் விரலிலும் துணி; மேஸ்திரி ஒவ்வொன்றாக அவிழ்க்கச் சொன்னார். முதல் விரல் கறுப்பு. மேஸ்திரி முகம் மலர்ந்தது. இரண்டாவதும் கறுப்பு. “பாத்தீங்களா மொதலாளி, ரெண்டு பேரும் மொதல்லயே மாட்டிக்கினாங்க,” என்றார். அந்த இரண்டு பேரும் அழ ஆரம்பித்தார்கள். மூன்றாவது விரலும் கறுப்பு. நாலாவதும். ஐந்தாவது விரல் முனியம்மாவுடையது. அவள் அதை மேஸ்திரியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“எங்குளுதுலாம் பாத்துட்ட. உன்னுது எங்க?”

மேஸ்திரி இடது கையை வேட்டி மடிப்பிலிருந்து எடுக்கவில்லை. முதலாளிதான் மெதுவாகத் தன் விரலைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்த மை வெயில் பட்டால் தானாகவே கறுக்கிற ஜாதி என்று ஆரோக்கியசாமி ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேஸ்திரி கண் மாமாவின் விரல் மேல் விழுந்துவிட்டது. கறுத்த விரல்களுக்கு நடுவில் கறுக்காத விரல் அது ஒன்றுதான். தோல் உரிந்து சிவந்திருந்தது.

“இது இன்னாது?”

 தீ பட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். 

“நான்தான் சூடு வெச்சேன்,” என்றாள் வேம்பு அக்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தபால்காரருக்குப் பயப்படுகிற அக்கா வரிசையை விட்டு முன்னால் வந்து நின்றாள்.  

“நீங்க ஜெயிச்சதுக்குத்தான் ஊத்திக்கினு வந்தாரு மொதலாளி. வந்து கொயம்புல உப்பு இல்லன்னு பானைக்குள்ள வெரல உட்டாரு. கொள்ளியால ஒண்ணு வெச்சேன். இனிமே வெரல உடுவாரா?”

முனியம்மாதான் முதலில் சிரித்தாள். “அய்ய, பொண்டாட்டி கையால சூடா? நைனா, சூளைக்கே தீ போட்றவனுக்கு ஊட்ல தீ போட்டுட்டாளா?” வரிசை முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. ராத்திரி முழுக்க அடக்கிவைத்த பயம் அத்தனையும் சிரிப்பாக வந்தது. மேஸ்திரிகூடச் சிரித்தார்.

“நெஜமாடா?” என்றார் முதலாளி.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். “ஆமா மொதலாளி. சுட்டுட்டா.”

“போய் வேலையப் பாருங்க.”

அன்றிலிருந்து மாமாவுக்குச் ‘சூட்டுவிரல்’ என்று பெயர். பூந்தமல்லி சந்தை வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. ‘வாங்க’ என்று கூப்பிட்டதற்காக ஓட்டுப் போட்ட மனுஷனை, பொண்டு பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்ப்பார், கோபப்பட மாட்டார். நானும் கூப்பிட்டேன். மேஸ்திரி பக்கத்தில் இருந்தால், அவர் நம்ப வேண்டுமே என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

இப்போது சூளை இல்லை. மண் தீர்ந்து, முதலாளி நிலத்தை பிளாட் போட்டு விற்றுவிட்டார். பிரித்துப் போட அவருக்கு இனி எங்கள் குடிசைகள் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். அக்காவும் மாமாவும் சேக்காட்டில் ஒரு குடிசை போட்டிருக்கிறார்கள். ரோட்டில் பார்த்தால் ஆரோக்கியசாமி இன்னும் சைக்கிளை விட்டு இறங்கி, “வாங்க கன்னியப்பன்” என்கிறார். அவருக்கு அந்த இரண்டு ஓட்டும் யாருடையது என்று இன்று வரை தெரியாது. யாரும் சொல்லவில்லை.

அக்காவின் பயம் மட்டும் தீரவில்லை. ஆடி மாதம் கோயிலில் தீபாராதனைத் தட்டு வரும்போது எல்லோரும் பத்து விரலையும் நீட்டுவார்கள். அக்கா மை வைத்த இடது கை ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கிக்கொள்வாள். பக்கத்தில் நிற்கும் மாமாவும் மடக்கிக்கொள்வார். போன வருஷம் நானும் மடக்கிப் பார்த்தேன். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.