‘மானாவாரி’ என்றொரு பள்ளிப் பத்திரிகை

பள்ளிக்கூடப் பத்திரிகை நடத்துகிறவனுக்கு இரண்டு தொல்லைகள்: எழுதச் சொன்னால் எழுதாத மாணவர்கள் ஒன்று, எழுதிவிட்டால் அதைப் படித்துவிடுகிற பெரியவர்கள் மற்றொன்று.

நாற்பதுகளில், யுத்தம் இன்னும் முடியாத சமயம். அருப்புக்கோட்டையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். “மாணவர்களைக் கொண்டு ஒரு பத்திரிகை நடத்த வேண்டும், யார் பொறுப்பெடுத்துக்கொள்கிறீர்கள்?” என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோது மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுப்பு என் தலையில் விழுந்தது. சாரணர் படை, நாடகம், காய்கறித் தோட்டம் என்று உங்கள் தலையிலும் ஏதாவது இப்படி விழுந்திருக்கும். ஆகையால் அந்த நிமிஷத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பெயர் வைத்தது

அச்சடிக்கக் காகிதம் கிடைக்காத காலம் அது. அதனால் கையெழுத்துப் பத்திரிகை. எழுதிய தாள்களைப் பள்ளி வாசலில் ஒரு பலகையில் ஒட்டிவைப்பது என்று ஏற்பாடு. பத்திரிகைக்கு வந்து சேர்ந்தவர்களில் கடைசிவரை நின்றவர்கள் மூன்று பேர். பரளச்சியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த முத்தையா; ஊரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவரின் மகன் காதர்; கம்பவுண்டர் மகள் ரோசம்மாள். ரோசம்மாளின் கையெழுத்து அச்சையே வெட்கப்பட வைக்கும். எனவே யார் எதை எழுதினாலும் அவள்தான் பிரதி எடுப்பாள்.

“வாரப் பத்திரிகையா, மாதப் பத்திரிகையா?” என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். மைக்கூடு காலியாக இருந்தது; விஷயமும் கையில் இல்லை. பின்னால் நின்ற முத்தையா எனக்காகப் பதில் சொன்னான்: “எங்க ஊரு வெள்ளாமை மாதிரிதான் சார். பேஞ்சா உண்டு, பேயாட்டி இல்ல. மானாவாரின்னே பேரு வச்சிருவோம்.”

எது செய்தி?

“ஆளுக்கொரு செய்தி எழுதி வாருங்கள்” என்றேன். மறுநாள் வந்தவை எல்லாம் வாசகசாலையில் கிடந்த தினசரியைப் பார்த்து எழுதியவை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரம் விழுந்திருந்தது. ரோசம்மாள் எழுதியதில் விழுந்த நகரம் ஒன்று. காதர் எழுதியதில் வேறொன்று. “அவரவர் ஊரில் நடந்ததை எழுதுங்கள்” என்று திருப்பி அனுப்பினேன். முத்தையா சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விட்டு வந்து ஒரு தாளை நீட்டினான். ‘பரளச்சியில் விசேஷம் ஒன்றுமில்லை’ என்று ஒரே ஒரு வரி.

“சரி, ரெண்டு நாளும் என்ன செஞ்சே?” என்றேன். சொன்னான். கண்மாய் வற்றிவிட்டதாம். உள்ளே ஊற்றுத் தோண்டியிருக்கிறார்களாம். வீட்டுக்கு ஒரு குடம் என்று ஊர் கூடிப் பேசி வைத்ததை ஒரு தெரு மீறிவிட்டதாம். இரண்டு தெருப் பெண்களும் மல்லுக்கட்டியதில் ஊற்றே இடிந்து மூடிப்போனதாம். அப்புறம் மல்லுக்கட்டிய அதே பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து, கொட்டாங்கச்சியால் மண்ணை அள்ளித் திறந்தார்களாம். இவன் அம்மா வெயில் தாழ்ந்த பிறகுதான் குடத்தோடு வீடு வந்தாளாம். “அடே, இதைத்தானே எழுதணும்?” என்றேன். முத்தையா என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “இது தெனம் நடக்கிறது சார். நியூஸுன்னா என்னைக்காவது நடக்கணும்ல?”

வராதவர்கள்

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று கேட்டு விஷயம் சேகரிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். சொன்னதைச் செய்து காட்டுவோம் என்று ஒரு சனிக்கிழமை மூவரையும் பந்தல்குடிக்கு அழைத்துப் போனேன். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ் அது. மேட்டில் நாங்கள் இறங்கித் தள்ளினோம். அங்கே ரோட்டோரம் காப்பிக்கடை வைத்திருந்த ஒருவர், ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். காதர் கேள்விகளை வரிசையாகக் கேட்டான், இன்ஸ்பெக்டர் விசாரிப்பது போல. அவரும் “ஆமா”, “இல்ல”, “நெனவில்ல” என்று குற்றவாளி சொல்வது போலவே சொன்னார். டம்ளர் கழுவுவதை நிறுத்தவில்லை.

ரோசம்மாள் நான் சொல்லிக் கொடுக்காத கேள்வி ஒன்றைக் கேட்டாள். “வர்ற வழியில என்ன சாப்பிட்டீக அண்ணாச்சி?” அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். மூங்கில் குருத்தை வேகவைத்துத் தின்றதைச் சொன்னார். சட்டைத் துணியில் முடிந்து வைத்திருந்த அரிசியை ஈரத்தோடு மென்றதைச் சொன்னார். ஓர் ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்த கூட்டாளி நிமிரவேயில்லை. அவன் செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நடந்தேன் என்றார். எங்கள் பஸ் வந்தது, போய்விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. முத்தையா எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

கிளம்பும்போது காதர் கடமை தவறாமல் அவர் பெயரைக் கேட்டான். அவர் மறுபடி டம்ளரை எடுத்துக்கொண்டார். “எம்பேரு என்னத்துக்குத் தம்பி? நாந்தான் வந்துட்டேன்ல. வராதவுக பேரைச் சொல்றேன், அதைப் போடுங்க.”

வத்தல் விலை

வியாபாரச் செய்தி காதரின் பொறுப்பு. விருதுநகரிலிருந்து வருகிற லாரி டிரைவரைப் பிடித்து, அங்கே வத்தலும் கொத்தமல்லியும் என்ன விலை போகின்றன என்று கேட்டு வந்து எழுதுவான். நான் அதை ஒரு பக்க நிரப்பியாகத்தான் நினைத்தேன். ஆனால் சந்தை நாளில் மூட்டையோடு வருகிற சம்சாரிகள் எங்கள் பலகை முன்னால் வண்டியை நிறுத்த ஆரம்பித்தார்கள். படிக்கத் தெரிந்த பையன் ஒருவன் சத்தமாகப் படிப்பான். கேட்டுக்கொண்டு கமிஷன் கடைக்குப் போய், “விருதுநகர்ல இப்பிடிப் போகுதாமே” என்பார்கள். அந்தக் கேள்வி காதரின் அத்தாவுக்குப் பழக்கமில்லை.

அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, சத்தம் போடாத மனுஷர். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “எங் கடையில சாப்பிட்டுட்டு எங் கடைக்கே கல்லெறியிறான் சார்” என்றார். காதரைக் கூப்பிட்டேன். அவன் வாசலோடு நின்றுகொண்டான். ஆனாலும், “நான் எழுதின விலை தப்பா அத்தா?” என்று கேட்டுவிட்டான். அவர் மகன் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்றே நினைத்தேன். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இனி மகனை நிறுத்திவிடுவார் என்று மற்ற வாத்தியார்கள் சொன்னார்கள்.

அடுத்த சந்தை முடிந்து மறுபடி வந்தார். பலகை முன்னால் நின்று கடைசி வரிவரைக்கும் படித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “எழுதறதுன்னு ஆயிப்போச்சு. மல்லி விலையையாவது சரியா எழுதச் சொல்லுங்க சார். இம்புட்டு வருசம் கடை வச்சிருக்கவன் மகன் மல்லி விலையில தப்புப் பண்ணினா, நம்மள எவன் மதிப்பான்?”

சிவப்பு மை

ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வோர் இதழையும் ஹெட்மாஸ்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல மனுஷர், பயந்த சுபாவம். யுத்தம் என்ற சொல்லைக் கண்டால் சிவப்பு மையால் அடிப்பார். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்றால் அடிப்பார். துணிக்கு வரிசையில் நின்றார்கள் என்றால், வரிசையையும் அடிப்பார், துணியையும் அடிப்பார். ஒரு தடவை பத்திரிகையின் பெயரும், வெயில் கடுமை என்ற செய்தியும் மட்டும் உயிரோடு திரும்பி வந்தன. வெயிலை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டேன். சிவப்பு மைக்கூட்டை மூடியபடி சொன்னார்: “அதுக்கு சர்க்கார் ஜவாப்தாரி இல்லை, ஐயா.”

ஹாஸ்டல் கஞ்சி

இதைச் சிரிக்காமல்தான் சொல்ல வேண்டும். ஹெட்மாஸ்டர் ஏதோ வேலையாக மதுரைக்குப் போயிருந்த வாரம். முத்தையா ஒரு சிறு செய்தி கொண்டுவந்தான். ‘இந்த வாரம் ஹாஸ்டல் கஞ்சியில் புழு கிடந்தது. வார்டனிடம் சொன்னோம். எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கச் சொன்னார். சிலர் குடித்தார்கள். சிலர் குடிக்கவில்லை.’ அவ்வளவுதான். வசவு இல்லை, வர்ணனை இல்லை. அதுவரை எங்கள் பத்திரிகைக்கு வந்தவற்றில் அதுதான் ஒழுங்காக எழுதப்பட்ட செய்தி. ஆனால் முத்தையா ஹாஸ்டலில் இலவசமாகத் தங்கியிருப்பவன். “யோசிச்சுக்கோ” என்றேன். “பாத்ததை எழுதுன்னு நீங்கதான சார் சொன்னீக” என்றான். பலகையில் ஒட்டினோம்.

மறுநாள் காலை வார்டன் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வகுப்புக்கே வந்தார். “எவன் எழுதினது?” நான், “ஆசிரியர் நான். என்னிடம் பேசுங்கள்” என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ரோசம்மாள் எழுந்து நின்றாள். “நாந்தான் சார். கையெழுத்தைப் பாருங்க, என்னுதுதான்.” வார்டன், “பொம்பளப் புள்ள, நீ ஹாஸ்டல் கஞ்சியை எங்கே கண்டே?” என்றார். அவள் உட்காரவில்லை. காதரும் எழுந்தான், அவனும் ஹாஸ்டல் பக்கம் போனவன் இல்லை. கடைசியில் முத்தையா பெஞ்சை விட்டு வெளியே வந்தான். “அவுக ரெண்டு பேரும் உக்காரட்டும் சார். பாத்தது நான்.”

அன்று சாயங்காலமே தகரப் பெட்டியோடு அவனை ஹாஸ்டலை விட்டு அனுப்பிவிட்டார்கள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பரளச்சிக்குப் போனால் படிப்பு அத்தோடு முடிந்தது. ஊர் திரும்பிய ஹெட்மாஸ்டரிடம் மன்றாடினேன். புழு இருந்தது வாஸ்தவந்தான் என்றார். அனுப்பியது அனுப்பியதுதான் என்றும் சொன்னார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது காதரின் அத்தா ஆளனுப்பினார். தம் கிட்டங்கியில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பாய் விரிக்கும் இடம் ஒதுக்கினார்; சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்தது. முத்தையா தும்மிக்கொண்டே படித்தான். இதற்குள் விஷயம் சந்தையில் பரவி, பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டிருந்த தகப்பன்மார் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக் கமிட்டிக்காரர்கள் ஹாஸ்டலில் போய் உட்கார்ந்து ஒருவேளை கஞ்சி குடித்தார்கள். மறுநாளே தானியத்தை வெயிலில் காயப்போட்டார்கள். புதுச் சல்லடை வாங்கினார்கள். முத்தையாவை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

ஒருநாள் கிட்டங்கிக்கு அவனைப் பார்க்கப் போனேன். கண் சிவந்திருந்தது, அழுதானா, வத்தல் நெடியா என்று தெரியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்: “இப்பக் கஞ்சி நல்லாருக்காம் சார். சல்லடை வாங்கினதையும் போட்டுருவோம். கெட்டதை மட்டும் போட்டுட்டு நல்லதை விட்டோம்னா, அது நாயமில்ல.”

அச்சில் ஏறியது

முத்தையா பாஸ் செய்தான். மூவரும் பள்ளியை விட்டுப் போனார்கள். வேறு மாணவர்கள் வந்தார்கள். தேசம் விடுதலையடைந்த சமயத்தில், காகிதமும் ஓரளவு கிடைத்ததால், ஒரே ஓர் இதழை அச்சில் கொண்டுவர ஹெட்மாஸ்டர் சம்மதித்தார். சிவப்பு மைப் பேனாவையே அவர் அன்று எடுக்கவில்லை. ஊரில் இருந்த அச்சகம் கல்யாணப் பத்திரிகை அடிப்பது. மாணவர்கள் எழுதிக் கொடுத்த கட்டுரைகளில் வரிக்கு வரி ‘சுதந்திரம்’. கொடுத்துவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் அச்சுக் கோக்கிறவர் ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

அவர் அச்செழுத்துப் பெட்டியில் காலி அறை ஒன்றைக் காட்டினார். ‘சு’ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடம். ஆடி முடிகிற நேரம். ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகளைக் கோத்து, சணல் கட்டி, மேஜை நிறைய அடுக்கியிருந்தார். ஊரிலிருந்த ‘சு’ எல்லாம் ‘சுபமுகூர்த்த’த்திலும் ‘சுபதின’த்திலும் மாட்டிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டைப் பிரித்துத் தரக் கூடாதா என்று மாணவர்கள் கெஞ்சினார்கள். பெண் வீட்டுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள் என்றார். கொடிக்கும் ஊர்வலத்துக்கும் வெளியே ஜனம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைத்தாளில் இருந்த தலைப்பை இன்னொரு தடவை படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: “கல்யாணமெல்லாம் முடியிற வரைக்கும் சுதந்திரம் வராது சார். விடுதலைன்னா சொல்லுங்க, இன்னைக்கே அடிச்சுத் தாரேன்.”

இத்தனை வருஷம் மாரடித்தும் என் கையில் பழகிய ஒரு பிள்ளைகூடப் பத்திரிகைக்காரன் ஆகவில்லை என்றாலும், அவர்களில் யார் என்னைப் பார்க்க வந்தாலும் சௌக்கியமா என்று கேட்பதோடு நிறுத்தாமல், நான் சௌக்கியம் என்றதும் அதை யார் சொன்னது, எந்த டாக்டர் சொன்னது, எப்போது சொன்னது என்று குடைந்துவிட்டுத்தான் காப்பியைக் கையில் எடுக்கிறார்கள்.