புளி போட்டு விளக்கிய உரோம அவுன்சு

என்னிடம் ஒன்பது உரோம எடைக்கற்கள் இருக்கின்றன. நான்கு ஈயம், ஒன்று கல், மீதி வெண்கலம். ஏவன்டேல் புறநகரில் ஒரு மருந்துக்கடையில் நாள் முழுக்க மில்லிகிராமோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வீட்டிலும் நிறுத்துப் பார்க்க என்ன ஆசை என்று கேட்பார்கள். எந்தக் காலத்துச் சந்தையிலோ எவனோ இதை வைத்து யாரையாவது ஏமாற்றினானா என்று பார்க்கப் பிடிக்கும். நான் ஒரு சந்தேகப் பிராணி.

என் கணவர் மின்வேலை செய்பவர். கலியாணமான பன்னிரண்டு ஆண்டுகளில் எடைக்கற்கள் இருக்கும் பெட்டியை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. எதையாவது காட்டினால் “ஓம், வடிவா இருக்கு” என்பார்; கண் தொலைபேசியில் இருக்கும். அதில் எனக்குக் கோபம் உண்டு. சொல்லிக் காட்டியும் இருக்கிறேன்.

கடைசியாக வந்தது ஒரு வெண்கல வட்டு. கேரம் காயைவிடச் சிறியது, நடுவில் ஒரு புள்ளி. ஒரு புள்ளி என்றால் உரோமரின் ஓர் அவுன்சு. இணைய ஏலத்தில் எடுத்ததால் போலியாக இருக்குமோ என்ற பயம். புள்ளியை யாரும் அடித்துவிடலாம். உலோகத்துக்குள் இறங்கிய பச்சைக் களிம்பைப் பொய்யாகச் செய்வதுதான் கடினம். துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற உலோக ஆய்வாளர் ஒருவர், அவரும் இவற்றைச் சேர்ப்பவர், சனிக்கிழமை வந்து களிம்பைப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். நான் அதை நிறுத்து, 26.83 கிராம் என்று கொப்பியில் எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை. வேலை முடிந்து சான்ட்ரிங்ஹாமில் ஒரு இந்தியக் கடையில் அவலும் கடலையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பூசை மேசை தயாராக இருந்தது. குத்துவிளக்கையும் மணியையும் புளி போட்டு விளக்குவது எங்கள் வீட்டில் அவருடைய பொறுப்பு. இரண்டும் பளபளத்தன. மகளின் புத்தகங்கள், அவருடைய குறடு. பக்கத்தில், வெற்றிலையின் மேல், பொன் நிறத்தில் என் அவுன்சு. சந்தனப் பொட்டு வேறு.

வாய்க்கு வந்தபடி பேசினேன். ஆயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்து சேர்ந்ததை அரை மணி நேரத்தில் தேய்த்துக் கழுவிச் சிங்கில் ஊற்றிவிட்டீர்களே என்றேன். பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது. அதனால் அதன் முன்னாலேயே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தேவாரம் பாடினேன்.

சனிக்கிழமை வந்தவர் உருப்பெருக்கியை வைத்து வெகுநேரம் பார்த்தார். வடிவம் சரி, உலோகமும் சரிபோலத்தான் இருக்கிறது, ஆனால் சாட்சி சொல்ல வேண்டியது போய்விட்டது, இனிப் பார்த்துச் சொல்ல முடியாது என்றார். பிறகு என் கணவரிடம், குற்றம் சாட்டாமல், ஏன் கழுவினீர்கள் என்று கேட்டார். சரஸ்வதி பூசையன்று அவரவர் தொழிற்கருவியைச் சாமிக்கு முன்னால் வைப்போம், அழுக்காக வைக்க மாட்டோம் என்று இவர் ஆங்கிலத்தில் விளக்கினார். அப்படியானால் உங்கள் மனைவியின் மாத்திரை எண்ணும் தட்டை அல்லவா வைத்திருக்க வேண்டும் என்றார் வந்தவர்.

கணவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

“அது சம்பளத்துக்குச் செய்யிற வேலை. உம்மட வேலை இதுதானே.”

ஒன்பதில் புதிதாக வந்தது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வந்தவர் போன பிறகு வட்டை மீண்டும் நிறுத்தேன். 26.41. பழைய எண்ணுக்குக் கீழே எழுதி, குறைந்த காரணம் ‘புளி’ என்று குறித்தேன். கோபம் போகவில்லை. அழுகையும் வந்தது. குசினியில் கோப்பைகளைக் கழுவியபடி அவர் மெல்லக் கேட்டார்.

“அடுத்த வருசம் விளக்காமல் வைக்கட்டே?”

“ஓம்,” என்றேன். “ஒன்பதையும் வையுங்கோ.”