ரெசிஸ்டரும் கண்டன்சரும் நானும்

ரேடியோ ரிப்பேர் என்பது, ஊரே கூடி உட்கார்ந்து கேட்கிற பெட்டியை எடுத்துவந்து, ஒற்றை ஆளாக உட்கார்ந்து முறைத்துப் பார்க்கிற தொழில். ஐம்பதுகளில் போடிநாயக்கனூர் கடைத்தெருவில் ஓர் அறை பிடித்து நான் அதைத் தொடங்கியபோது, தபாலில் படித்த பாடம்தான் துணை. ஊரில் எல்லோருக்கும் ஏலக்காயைப் பற்றிப் பேசத் தெரியும். ரெசிஸ்டரைப் பற்றிப் பேச ஒருவரும் கிடையாது. என்னைப் போலத் தட்டுத் தடுமாறிக் கற்றவர்களுக்கு அந்த அவதி புரியும்.

சாம்பிராணி

முதலில் வந்தது ஓர் ஏலக்காய் வியாபாரியின் ரேடியோ. உள்ளே ஒரு ரெசிஸ்டர் கருகிக் கிடந்தது. மின்சாரத்தைத் தடுத்து அளவாக விடுகிற சின்னக் குச்சி அது. எவ்வளவு தடுக்கும் என்பதை மேலே உள்ள வண்ணக் கோடுகள் சொல்லும். கருகியதில் எது சிவப்பு, எது பழுப்பு என்று வாசல் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒருவழியாகத் தடுப்பின் அளவான ஓம் கணக்கைப் பிடித்து, கைவசம் இருந்ததைப் போட்டுவிட்டேன். அது எத்தனை வாட் சூடு தாங்கும் என்றும் பார்க்க வேண்டுமாம். அது பாடத்தின் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது.

வியாபாரி வீட்டில் உறவெல்லாம் கூடியிருந்தது. பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குப் பின்னாலிருந்து புகை எழுந்தது. ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப் போனார்கள். பெட்டியும் நானும்தான் மிஞ்சினோம். அவர் கோபப்படவில்லை. "பாட்டுக் கேக்கத்தானப்பு கொடுத்தேன், சாம்பிராணி போடவா கொடுத்தேன்?" என்றார்.

மதுரைக் கடை

சாமான் வாங்க மதுரைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். மின்சாரத்தைச் சேர்த்து வைத்து விடுகிற கண்டன்சரில் காகிதம் சுற்றியதை எங்கே போடுவது, மைக்காத் தகடு வைத்ததை எங்கே போடுவது, கூடுதல் வோல்ட் தாங்குவதை வாங்கினால் தப்பா என்று கேட்டுக்கொண்டே நிற்பேன். பாதிக் கேள்விகளுக்கு எனக்கே விடை தெரியும். அவர் வாயால் கேட்க வேண்டும் போலிருக்கும்.

ஒருநாள் கடையைச் சாத்தியபடியே சொன்னார்: "வாங்குற சாமான் சட்டைப் பைக்குள்ள அடங்கிரும் தம்பி, பேசுற பேச்சுக்குத்தான் லாரி வேணும். வெரசாப் போங்க, பஸ்சு போயிரும்."

இரைச்சல்

கணவரை இழந்து தனியாக இருந்த ஒரு டீச்சரம்மாவின் ரேடியோ எந்நேரமும் 'ம்ம்' என்று இரைந்தது. அந்த இரைச்சலை வடிகட்டுகிற கண்டன்சர் காய்ந்து போயிருந்தது. புதிதாக, நல்ல பெரிய அளவாகப் பார்த்துப் போட்டேன். இரைச்சல் சுத்தமாக நின்றது. என் முதல் வெற்றி அதுதான்.

சில நாளில் அதே பெட்டியுடன் திரும்பி வந்தார். பழைய சத்தம் வேண்டுமாம். பழைய கண்டன்சரைப் போட்டால் பெட்டியே பாழாகும் என்று சொல்லிவிட்டு, அளவில் சின்னதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். லேசாக இரைந்தது. காதை வைத்துக் கேட்டுத் தலையசைத்தார். எதற்கு இது என்று கேட்டேன். "வீட்டுல யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கும் தம்பி. நீங்க சரி பண்ணினதும் அது நின்னு போச்சு."

மலை மேலே

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். குடும்பம் கீழே தேவாரம் என்ற ஊரில். அவரிடம் பேட்டரியில் ஓடும் ரேடியோ இருந்தது. மழைக்காலத்தில் அது கரகரத்தது. பேட்டரியும் சீக்கிரமே தீர்ந்தது. ஈரம் ஏறி ஏதோ ஒரு காகிதக் கண்டன்சர் கசிகிறது என்று எனக்குப் பட்டது. புதியவற்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். பாதை முழுக்க மஞ்சு மூட்டம். மேலே போய்ப் பார்த்தால் பையும் நனைந்து, புதுக் கண்டன்சர்களும் நனைந்திருந்தன. மாட்டிப் பார்த்தேன், அதே கரகரப்புத்தான்.

அவற்றை ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில், அவற்றின் மேல் பூசிய மெழுகு உருகாத தூரத்தில் காய வைத்தோம். மழை விடவில்லை, அங்கேயே தங்கினேன். கஞ்சி குடித்துவிட்டுப் பேச உட்கார்ந்தோம். மனைவி சொல்கிற சங்கதி எல்லாம் அவள் சொல்லி வாரக்கணக்கு ஆன பிறகுதான் மலைக்கு வந்து சேர்கிறது, அதற்குள் பழசாகிவிடுகிறது என்றார். வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறாராம். நான் என் அறையைப் பற்றிச் சொன்னேன். நான் அவ்வளவு பேசுவேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

காலையில் காய்ந்ததை எடுத்து மாட்டினேன். குரல் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. கிளம்பும்போது, இன்னும் ஒருநாள் இருந்து போகக் கூடாதா என்று கேட்டார். ரேடியோதான் சரியாகிவிட்டதே அண்ணே என்றேன். அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாத்தான் பேசுது தம்பி. நான் ஒண்ணு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குதே."

ஊரிலும் மலையிலும் இருந்த பெட்டிகளையெல்லாம் பேச வைத்துவிட்டு, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் ஒற்றை அறையில் உட்கார்ந்திருந்ததுதான் அந்தத் தொழிலில் நான் கண்ட லாபம்.