ஆடி மாசத்துல பெங்குவின் வளர்த்த கடை

நெட் சென்டர்ல வேல பாக்கறவங்களுக்கு கம்ப்யூட்டர் தெரிஞ்சா போதும்னு நெனைக்கிறவங்க, ஒரு சாயங்காலம் கூட கல்லாவுக்குப் பின்னால ஒக்காந்ததில்ல. கம்ப்யூட்டரு பாட்டுக்கு சிவனேன்னு தான் கீது. மொறைக்கறது, மொணகறது, மானிட்டர் தலையில தட்டறது எல்லாம் அதுக்கு முன்னால ஒக்காந்திருக்கற ஆளுதான். "இதுல இன்டர்நெட்ட எங்க வெச்சிருக்கீங்க"ன்ற கேள்விக்கு பதில் சொல்லியே நாக்கு தேஞ்சுபோன என் சக கைதிங்களே, இது உங்களுக்குத்தான்.

நான் திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டு பக்கம் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கறேன். வூட்ல கம்ப்யூட்டர் கெடையாது. ஏன்னு கேக்காதீங்க, கேட்டா எங்கப்பா மாதிரி பேச ஆரம்பிச்சிடுவேன். அதனால சாயங்காலமும் லீவு நாள்லயும் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட பாஸ்கர் அண்ணன் கடையில வேல. ஆறு கம்ப்யூட்டரு, அதுல மூலையில இருக்கறது நோட்டீசு, பத்திரிகை அடிக்கற டிடிபி மெஷினு, அப்பறம் ஒரு ஜெராக்ஸ் மெஷினு. கூட்டம் இல்லாத நேரத்துல என் ப்ராஜெக்ட அங்கயே பண்ணிக்கலாம்னு பேச்சு. அந்தக் கடை போச்சின்னா என் ப்ராஜெக்டும் போச்சி. அண்ணன் எனக்கு வெச்ச பேரு வக்கீலு. மனுசி நியாயம் கேட்டா அதுக்கு ஒரு பட்டப்பேரு.

பந்தயம்

செங்கல்பட்டுல ஒரு டிடிபி கடையில திருட்டு சிடி போட்ட மெஷினெல்லாம் கம்பெனி ஆளுங்க வந்து தூக்கிகினு போயிட்டாங்கன்னு ஒரு பேச்சு கெளம்பிச்சி. உண்மையோ பொய்யோ, அண்ணனுக்கு அன்னைக்கு நாஸ்தா எறங்கல. எங்க ஆறு மெஷின்லயும் ஓடறது ஒரே ஒரு காப்பி சிடில ஏத்தின விண்டோஸ். அத ஏத்திட்டு ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வேற வெச்சிருப்பாரு. சாமி மன்னிச்சாலும் கம்பெனி மன்னிக்குமா?

நான் புடிச்சிகினேன். "ஆறுக்கும் ஒரிஜினல் வாங்க உங்களால முடியாது. என்கிட்ட விண்டோஸுக்கு பதிலா போடற லினக்ஸ் கீது. சீனியர் தபால்ல வரவழைச்ச சிடி, ஓசி, யாரு வேணா எத்தினி மெஷின்ல வேணா போட்டுக்கலாம், எவனும் கேக்க முடியாது"ன்னு சொல்லிட்டு, அப்டியே சுதந்திரம், அடிமைத்தனம், அடுத்தவன் பூட்டின வூட்ல நாம ஏன் குடியிருக்கணும்னு ஒரு ரவுண்டு போனேன். எதுத்தாப்ல செல்வம் கடை, அதுவும் நெட் சென்டருதான். அங்கயும் அதே மாதிரி காப்பி சிடிதான், ஆனா செல்வத்துக்கு பயமில்ல. அண்ணன் ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு தபா பாத்தாரு, என்னை ஒரு தபா பாத்தாரு. ஆடியில கல்யாணம் கெடையாது, பத்திரிகை வேல கெடையாது, டிடிபி மெஷினு ஈ ஓட்டும். கணக்கு போட்டுட்டு சொன்னாரு:

"ஆடி மாசம் உன்னுது, ஆவணி என்னுது. நடுவுல ஒரு கஸ்டமரு, ஒரே ஒரு கஸ்டமரு இதனால எதிர் கடைக்கு போனாலும் பழைய சிடி உள்ள வரும், நீ வெளிய போவ."

துபாய்க்கு திட்டு போவல

ஆறு மெஷின்லயும் லினக்ஸ் ஏத்தினேன். மொத அடி ரபீக் பாய்கிட்டருந்து வந்துச்சி. கோவளத்துலருந்து ஓட்டலுங்களுக்கு மீன் ஏத்திகினு வர்றவரு. சனிக்கெழம சனிக்கெழம வண்டிய ஓரங்கட்டிட்டு, துபாய்ல இருக்கற தம்பிகிட்ட கேமராவுல பேசுவாரு. பேசுவாருன்றது மரியாதைக்கு. திட்டுவாரு. தம்பி கல்யாணத்துக்கு ஒத்துக்க மாட்டேன்றான், அதான் மேட்டரு. ரெண்டு வருசமா அதே தம்பி, அதே திட்டு.

அவரு பேசற சாட் ப்ரோக்ராமு லினக்ஸ்ல எழுத்து அனுப்பிச்சி, கொரல அனுப்பல. ரபீக் பாய் ஹெட்போன மாட்டிகினு ஒக்காந்தாரு, வாய தொறந்தாரு, அந்தப்பக்கம் ஒண்ணும் போவல. திட்ட முடியாத மனுசன பாத்திருக்கீங்களா? பாவமா இருக்கும். அவரு கண்ணு மெதுவா எதிர் கடை பக்கம் திரும்புச்சி. நான் வேர்த்து விறுவிறுத்து, வேற ஒரு சாப்ட்வேர எறக்கி, தம்பியையும் அதையே எறக்கச் சொல்லி டைப் அடிச்சி, ஒரு வழியா கொரலு போச்சி. கேமரா மட்டும் கடைசி வரைக்கும் வரல. "பாய், மூஞ்சி தெரியாது, பரவால்லயா"ன்னு கேட்டேன். வாசப்படிய தாண்டிடுவாரோன்னு அவரு காலையே பாத்துகினு இருந்தேன். அவரு ஹெட்போன சரி பண்ணிகினு சொன்னாரு:

"கொரலு போதும்மா. மூஞ்சி தெரிஞ்சா அவன் அழுவறது தெரிஞ்சிடுது, அப்பறம் நான் எப்டி திட்டறது."

கூழு நோட்டீசு

ஆடியில டிடிபி வேல வராதுன்னு அண்ணனும் நானும் பேசினோமே, ரெண்டு அறிவாளிங்களும் ஒண்ண மறந்துட்டோம். ஆடியில கல்யாணந்தான் கெடையாது. அம்மன் உண்டு. தெருவுக்கு ஒரு அம்மன், அம்மனுக்கு ஒரு கூழு ஊத்தற விழா, விழாவுக்கு ஒரு மஞ்ச நோட்டீசு.

பக்கத்து ஊரு அம்மன் கோயில் கமிட்டி தலைவரு தணிகாசலம், ரெண்டு ஆளுங்களோட வந்து ஒக்காந்தாரு. "போன வருசத்து நோட்டீசுதாம்மா, தேதிய மட்டும் மாத்து." போன வருசத்து பைலு விண்டோஸ்ல மட்டும் ஓடற லே-அவுட் சாப்ட்வேர்ல செஞ்சது. லினக்ஸ்ல அது தொறக்காது. குட்டிக்கரணம் போட்டாலும் தொறக்காது. எனக்கு அது மொதல்லயே தெரியும், வேல வந்தாதானேன்னு தெனாவட்டுல இருந்துட்டேன். அண்ணன் ஜெராக்ஸ் மெஷினுக்கு பின்னாலருந்து, "இன்னா வக்கீலு, சைலண்டா கீற"ன்னு வெறுப்பேத்தறாரு.

வேற வழியில்ல, மொத்தத்தையும் புதுசா அடிச்சேன். தணிகாசலம் பழைய நோட்டீச வெச்சிகினு சத்தமா படிக்கறாரு. உபயதாரர் பேரு வந்துச்சி பாருங்க, அங்கதான் கூத்து. போன வருசம் கடைசி வரியில கெடந்த அவரு மச்சான், படிக்கும்போதே ரெண்டாவது வரிக்கு ஏறிட்டாரு. கூட வந்தவரு எட்டிப் பாத்துட்டு, "இன்னா தலைவரே, கூழு ஊத்தறதுக்கு முன்னாலயே மச்சானுக்கு ஊத்தறீங்க"ன்றாரு. தலைவரு, "புது மெஷின்ல பேரு அப்டிதான் வரும் போல"ன்றாரு, என் மூஞ்சிய பாக்காம. அடிச்சி முடிக்கறதுக்குள்ள எனக்கு வெரலு மரத்துப்போச்சி. எல்லாம் போச்சி, இனிமே ஒரு கோயில்காரனும் இந்தப் படிய மிதிக்க மாட்டான்னு நெனச்சேன். ஆனா மறுநாளே அடுத்த தெரு கமிட்டி வந்து நிக்குது. அந்த ஊரு பெரியவரு குனிஞ்சி, ரகசியமா சொன்னாரு:

"போன வருசத்து பைல தொறக்காதம்மா. தணிகாசலத்துக்கு எப்டி தொறக்கலயோ, அதே மாதிரி எங்களுக்கும் தொறக்காத."

வெள்ளக்காரன் சட்ட

நல்லதும் நடந்துச்சி. ஒரு நாளு தாடி வெச்ச வெள்ளக்காரன் ஒருத்தன் வந்தான். மூணாவது மெஷின்ல ஒக்காந்து மெயில் பாத்தான், போட்டோ அனுப்பினான், எழுந்தான். ஸ்டார்ட் பட்டன் எங்கன்னு கேக்கல. இன்டர்நெட் எங்கன்னு கேக்கல. அண்ணன் வாயப் பொளந்துகினு பாக்கறாரு. இதுல ஹைலைட்டு, அவன் போட்டிருந்த டி-ஷர்ட்ல லினக்ஸோட சின்னம், அந்த பெங்குவின். எனக்கு கண்ணு கலங்கிடுச்சி. இந்த ஊர்ல என் கட்சிக்கு ஒரு ஆளு.

வாசல்ல மடக்கினேன். என் இங்கிலீஷ்ல சாப்ட்வேர் சுதந்திரத்த பத்தி ஆரம்பிச்சி, எங்க கடையோட போராட்டம், எதிர் கடையோட அட்டூழியம்னு நிறுத்தாம போய்கினே இருந்தேன். அவன் தலைய ஆட்டி ஆட்டி கேட்டான். ரொம்ப நல்ல மனுசன், முழுசா கேட்டான். கடைசியில சட்டைய ரெண்டு வெரலால இழுத்து குனிஞ்சி பாத்துட்டு, கடல் பக்கம் போற தெருவ கை காட்டி சொன்னான்:

"ஐ பாட் இட் தேர், எஸ்டர்டே. சாரி, ஐ ஜஸ்ட் லைக் தி பேர்டு."

டவுன்ஷிப் சாரு

ஆடி முடிய கொஞ்ச நாள் இருக்கும்போது, அணு மின் நிலையத்து டவுன்ஷிப்லருந்து ரிட்டயர்டு இஞ்சினியர் சாரு வந்தாரு. இஸ்திரி சட்ட, பாக்கெட்ல ரெண்டு பேனா, கழுத்துல கயிறு கட்டி பென் டிரைவு. பொண்ணோட ஜாதகமும் பயோடேட்டாவும் ப்ரிண்ட் எடுக்கணும். பென் டிரைவ சொருவினேன். விண்டோஸ்ல ஒளிஞ்சிகினு கண்ணுக்கே தெரியாத வைரஸ் பைலெல்லாம், லினக்ஸ்ல பந்தியில ஒக்காந்த மாதிரி வரிசையா ஒக்காந்துகினு கீது. ஜாதகத்துக்கு முன்னால அதுங்கதான் இலை போட்டு ஒக்காந்திருக்கு.

"சார், பென் டிரைவு பூரா வைரஸ் கீது. எங்க மெஷின ஒண்ணும் பண்ணாது. அழிச்சிக் குடுக்கட்டா?"

"எங்க வீட்டு கம்ப்யூட்டர் சுத்தமா இருக்கும்மா. உன் மெஷின்தான் ஏதோ தப்பா காட்டுது. கலரே சரியில்ல."

அங்க நான் வாய மூடியிருக்கணும். மூடற வாயா இது? "மெஷினு தப்பா காட்டல சார், நீங்க ஒளிச்சி வெச்சத காட்டுது. இத மாட்டிகினு நீங்க கடை கடையா ஏறி எறங்கினா, ஊருக்கே பிரசாதம் குடுத்த மாதிரி"ன்னு சொல்லிட்டேன். சாரு பென் டிரைவ உருவி கழுத்துல மாட்டிகினாரு. நேரா ரோட்ட தாண்டி செல்வம் கடைக்குள்ள போனாரு. அண்ணன் பாத்துகினு இருந்தாரு. ஒரே ஒரு கஸ்டமரு. போறதுக்கு முன்னால வாசப்படியில நின்னு அவரு சொன்னது இன்னும் என் காதுல கீது:

"முப்பது வருஷம் பாதுகாப்புப் பிரிவுல இருந்தவன்மா நான். என் கையத் தாண்டி ஒரு தூசி வெளிய போனது கிடையாது."

ஆவணி

வாதாடினேன். "அவரு மெஷினால போவல, என் வாயால போனாரு, அது கணக்குல சேராது"ன்னு சொன்னேன். அண்ணன், "ஆவணி பொறக்கட்டும்"னு முடிச்சிட்டாரு. ஆவணி பொறந்துச்சி. என் ப்ராஜெக்ட மொத்தமா ஒரு சிடில எழுதி பையில போட்டுகினு, மூஞ்சிய இறுக்கமா வெச்சிகினு கடைக்குப் போனேன். டிடிபி மூலையில அண்ணன் ஒக்காந்துகினு இருந்தாரு. அந்த ஒரு மெஷின்ல மட்டும் விண்டோஸ். பக்கத்துல பில்லு, ஒரிஜினல் பொட்டி. எனக்கு கோவம் மண்டைக்கு ஏறிடுச்சி.

"அப்ப ஆடி பூரா நான் பட்ட பேஜாரெல்லாம் இன்னாத்துக்கு?"

"கல்யாண வூட்டுக்காரன் கொண்டாற டிசைனு இதுல மட்டுந்தான் தொறக்குது. இன்னா, ஒவ்வொரு மாப்ள வூட்டுக்கும் போயி நீ லெக்சர் குடுப்பியா? ஒண்ணே ஒண்ணு, காசு குடுத்து, நேர்மையா வாங்கினது. போதுமா?"

கூழு நோட்டீசு ஞாபகம் வந்துச்சி. வெரலு தானா மடங்குச்சி. மிச்ச அஞ்சுக்கும் எனக்கும் இன்னா தீர்ப்புன்னு கேக்க வாயெடுக்கறேன், வாசல்ல பத்திரிகை அடிக்க வந்த ரெண்டு கல்யாணப் பார்ட்டிங்க. ரெண்டும் செல்வம் கடையோட பழைய கஸ்டமருங்க. எதிர் கடையில ஒரு மெஷினும் வேல செய்யலயாம், ஆன் பண்ணா தானா ஆஃப் ஆயி தானா ஆன் ஆவுதாம். "ஜாதகம் எடுக்க ஒரு சாரு வந்துட்டு போனாரு, அதுலருந்து ஒண்ணொண்ணா படுத்துகிச்சி"ன்னு ஒருத்தரு சொன்னாரு. நான் அண்ணன பாத்தேன். அண்ணன் வெத்தல பாக்கு டிசைன பாத்துகினு இருந்தாரு.

கொஞ்ச நேரத்துல செல்வமே ரோட்ட தாண்டி வந்தான். சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சி, உள்ள வராம படியிலயே நிக்கறான். "அண்ணாத்த, மூர்த்த நேரத்துல இப்டி ஆயிடுச்சி. அந்த பொண்ணுகிட்ட ஏதோ வைரஸ் ஏறாத சிடி கீதாமே." எனக்கு நாக்கு அரிச்சிது. ஆடி பூரா சேத்து வெச்சதெல்லாம் வரிசையா தொண்டைக்கு வந்துடுச்சி. அதுக்குள்ள அண்ணன் திரும்பி, என் பைய ஒரு தபா பாத்துட்டு சொன்னாரு:

"தோத்தா வெளிய போவணும்னு பேசினோம், பேச்சு பேச்சுதான். வெளிய போ, ரோட்ட தாண்டு, அவனுக்கு அந்த பெங்குவின போட்டுக் குடு, சீக்கிரம் திரும்பி வா வக்கீலு, மூணாவது மெஷின்ல ரபீக் பாய் காத்துகினு கீறாரு."

ஆக, எந்த சிஸ்டம் நல்லதுன்னு நான் ஒரு மாசம் தொண்ட கிழிய வாதாடியும் மாறாத எதிர்கடைய, ஒரு வார்த்த பேசாம மாத்தினது டவுன்ஷிப் சாரோட கழுத்துக் கயிறுதான்.