புதுசு என்று விற்ற துப்பாக்கி

ரோவீனா டிரான்டர் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரைச் சுற்றியுள்ள ஒற்றைப் பாதைகளில் எதிரே டிராக்டர் வந்தால், அரை மைல் பின்னாலேயே ஓட்டிப்போய் வழிவிடுவாள். அப்பேர்ப்பட்ட கைக்கு "இது கனமா இருக்குமே" என்று ஒருவன் சொன்னான். நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

சொன்னவன் துப்பாக்கிக் கடைக்காரன். அதையும் அவளிடம் சொல்லவில்லை. கூடப் போயிருந்த கொழுந்தன் நைஜலிடம் சொன்னான். நைஜல், அண்ணி மதியச் சாப்பாடு வாங்கித் தருவாள் என்று கூடப் போனவன். "அண்ணிகிட்டயே கேளுங்க" என்று மூன்று முறை சொல்லியும் அந்த ஆள் கழுத்தைத் திருப்பவில்லையாம்.

எங்கள் பக்கத்துப் பப்புகளில் குளிர்காலம் முழுக்க மணிப் போட்டி நடக்கும். ஏழு கஜ தூரத்தில் ஓர் இரும்புப் பலகை, நடுவே பட்டாணி நுழையும் அளவு ஓட்டை. குண்டு அதற்குள் போனால் பின்னாலிருக்கும் மணி அடிக்கும். நானும் ரோவீனாவும் 'மூன்று லாடம்' பப்பின் குழுவில் இருந்தோம். அதுவரை பப்பின் பழைய துப்பாக்கியிலேயே சுட்டுவந்த ரோவீனா, ஐம்பத்து நான்கு வயதில் முதல்முறையாகத் தனக்கென்று ஸ்பிரிங்கில் இயங்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கினாள்.

மறுநாளே என்னைத் தன் தோட்டத்துக்கு அழைத்தாள். துப்பாக்கியின் பிடிக்கட்டையில் புது மெழுகு வாசனை. குழாயை மடக்கி, குண்டு வைத்து, நிமிர்த்தி, விசையை இழுத்தாள். தோளுக்கு ஓர் இடி, உடனே முன்பக்கம் ஓர் இழுப்பு. உள்ளே பழைய கட்டில் மாதிரி 'டொய்ங்' என்றது. குழாய் முனையில் புகை.

"என்ன இது, வறுத்த மீன் கடையா?" என்றாள்.

"புதுசுல எண்ணெய் எரியும். நாலு நாள்ல சரியாயிடும்" என்றேன்.

புகை சரியாயிற்று, குறி சரியாகவில்லை. இருபது குண்டும் ஒரு சாசர் அகலத்துக்குச் சிதறின. வியாழக்கிழமைப் பயிற்சியில் ஒரு மணிகூட அடிக்கவில்லை. குழுத் தலைவர் டெஸ்மண்ட் ஹேட்லி பியர் கோப்பையோடு சுவரில் சாய்ந்து சிரித்தார்.

"அம்மணி, அது ஸ்டீயரிங் இல்ல. இறுக்கிப் பிடிச்சுத் திருப்பாதீங்க."

ரோவீனா துப்பாக்கியை அவர் கையில் திணித்தாள். "இந்தா. நீயே சுடு."

டெஸ்மண்ட் ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் எங்கெங்கோ போயின. "கண்ணாடிய வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், அந்த வெட்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்குப் போனவள் கட்டையைக் கழற்றிப் பார்த்தாள். முன் திருகாணியின் தலையை ஏற்கெனவே யாரோ குதறியிருந்தார்கள். அது பிடிப்பில்லாமல் சுற்றியது. அதை இறுக்க ஓட்டையில் ஒரு தீக்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார்கள். அட்டைப் பெட்டியின் விலைச் சீட்டை உரித்தாள். அடியில் இன்னொரு சீட்டு: 'திரும்பி வந்தது. குறி நிற்கவில்லை.' அவளுடைய ரசீதில் இருந்த அதே கையெழுத்து.

சனிக்கிழமை காலை இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரன் ஆம்பளையான என்னைப் பார்த்து, "வாங்க, என்ன வேணும்?" என்றான்.

"நான்தான் வாங்கினேன். என்னப் பாரு" என்றாள்.

"வீட்டுக்காரர் வரலையா?"

"அவர் கல்லறைக்குப் போயி ஆறு வருஷமாச்சு. வேணும்னா நீ போய்க் கூட்டிட்டு வா."

அவன், நீங்களே திருகிக் கெடுத்திருப்பீர்கள் என்றான். அவள் தீக்குச்சியை மேசைமேல் வைத்தாள். அது தொழிற்சாலைக் கோளாறு என்றான். அவள் சீட்டை வைத்தாள். அவன் அதை இரண்டு தடவை படித்தான், ஏதோ தனக்குத் தெரியாத மொழியில் எழுதியிருந்ததுபோல. பிறகு உள்ளே போய் முத்திரை உடைக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான்.

"மாத்திக் குடுத்துட்டேன்ல? கெளம்புங்க."

"மன்னிப்பு?"

"அதான் மாத்திட்டேனே!"

அவள் நகரவில்லை. உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும், "பெட்டியோட சீட்ட உரிச்சுப் பாத்து வாங்குங்க" என்றாள். நான்காவது ஆள் வாங்காமலே போன பிறகு, குண்டு டப்பாக்களைப் பார்த்து அவன் "மன்னிச்சிருங்க" என்று முனகினான்.

இந்தத் துப்பாக்கியும் புகைந்தது, இடித்தது, 'டொய்ங்' என்றது. ஆனால் குண்டுகள் சொன்ன இடத்துக்குப் போயின. அடுத்த பயிற்சியில் பத்துக்கு எட்டு மணி. இவ்வளவுக்குப் பிறகும் டெஸ்மண்ட் அவளை மாற்று ஆட்டக்காரியாகத்தான் எழுதினார்.

"பழகின டீமு. கலைக்க வேணாம்னு பாக்கறேன்" என்றார்.

"கலைக்காத. அப்படியே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ரோவீனா கோட்டை மாட்டிக்கொண்டாள். அடுத்த வாரமே எதிரணியான 'கலப்பை' பப்பில் சேர்ந்துவிட்டாள்.

பிப்ரவரியில் நடந்த போட்டியில் 'கலப்பை'க்காரர்கள் எங்களைத் தோற்கடித்தார்கள்.  ரோவீனா பன்றி இறைச்சி சாண்ட்விச்சை நிதானமாகத் தின்றாள். டெஸ்மண்ட் வெளிச்சம் சரியில்லை என்றார்.

"அன்னிக்கு அந்த ஓட்டைத் துப்பாக்கில உனக்கும்தான் ஒரு மணிகூட அடிக்கல, டெஸ்மண்ட்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"அன்னிக்கு எங்கிட்ட கண்ணாடி இல்ல" என்றார்.